சட்டைப்பைக்கு ஒரு மடக்குக்கத்தி: பார்த்துப் பொறுக்கி வாங்க முழு வழிகாட்டி

கூரியரில் வந்த அட்டைப்பெட்டி, அரிசி மூட்டையின் தையல், ஒரு கொய்யாப்பழம், புதுச்சட்டையின் விலைச்சீட்டு, நைலான் கயிறு, ஒயரின் மேல்தோல். ஊரில் இருக்கிற ஒருவரின் மடக்குக்கத்திக்கு ஒரு வாரத்தில் வரும் வேலை அநேகமாக இவ்வளவுதான். இதில் எதற்கும் ஒரு விரல் நீளத்துக்கு மேல் அலகு தேவைப்படாது. ஆனால் கடையிலோ இணையத்திலோ முதலில் கண்ணில் படுவது கறுப்புச் சாயம் பூசி, பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் தடித்த கத்திதான். அதை வாங்கியவர் இரண்டு வாரம் பையில் வைத்துப் பார்ப்பார். பிறகு அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும். கனம், பக்கத்தில் இருப்பவரின் பார்வை, சரியாக வெட்டாமை என்று அதற்கு மூன்று காரணங்கள்.

நாளைக்கு ஐந்து தடவை வெளியே எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத கத்தியே அன்றாடக் கத்தி. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

முதலில் ஒரு வாரக் கணக்கு

வாங்குவதற்கு முன் ஏழு நாள், எதையாவது வெட்டவோ கிழிக்கவோ பிரிக்கவோ நேரும்போதெல்லாம் கைப்பேசியில் ஒரு வரி குறித்து வையுங்கள். பல்லால் கடித்த ஷாம்பு சாஷேயையும், வண்டிச் சாவியால் கிழித்த டேப்பையும் விடாதீர்கள். வாரக் கடைசியில் அதைப் பார்த்தால் உங்கள் கத்தி எதுவென்று பாதி தெரிந்துவிடும்.

பாக்கெட், நூல், டேப் என்றே இருந்தால் சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தி (மடக்கிய நிலையில் உள்ள நீளம்) போதும். அதிலுள்ள கத்தரிக்கோல்தான் அதிகம் உழைக்கும். பழமும் காயும் அதிகம் என்றால் மெல்லிய, 7 செ.மீ. அலகு வேண்டும். அட்டைப்பெட்டியும் சாக்கும் கயிறுமாக இருந்தால் பூட்டும் நல்ல பிடியும் உள்ள கத்தி. ஸ்குரூவும் ஒயரும் மாறி மாறி வந்தால் உங்களுக்கு வேண்டியது இடுக்கி உள்ள மல்டிடூல். இளநீர், விறகு, எலும்பு பட்டியலில் இருந்தால் அவற்றை அடித்துவிடுங்கள். அதற்கு அரிவாள் இருக்கிறது. எந்த மடக்குக்கத்தியானாலும் இளநீரில் ஓங்கிப் போட்டால் முதலில் தளர்வது அதன் அச்சாணி.

சட்டம், சோதனை

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959. அதன் கீழுள்ள 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சட்டைப்பைக் கத்தி எதுவும் இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் சில இடங்களில் தனி அறிவிக்கைகள் உள்ளன. டெல்லியில் பட்டனாலோ ஸ்பிரிங்காலோ வேறு பொறியாலோ திறக்கும் கத்திக்கு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும்தான் எல்லை. பட்டன் கத்தி எங்கே இருந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். அன்றாட வேலையில் அதனால் ஒரு பயனும் இல்லை. பேச்சே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அளவு சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. தடை உத்தரவு அமலில் உள்ள பகுதி, அரசியல் கூட்டம், நீதிமன்றம், மெட்ரோ நிலையம், பெரிய மால் இங்கெல்லாம் கத்தி உள்ளே போகாது. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை, மல்டிடூலுக்கும் அப்படியே. செக்-இன் பெட்டிக்குள் போடலாம். சாவிக்கொத்தில் இருப்பதே மறந்துபோய் விமான நிலையத்தில் பறிகொடுப்பது வழக்கமாக நடப்பது. அதனால் கத்தியைச் சாவி வளையத்தில் நேரடியாகக் கோக்காமல், ஒரு சின்னக் கொக்கி போட்டு மாட்டுங்கள். கிளம்பும்போது ஒரு நொடியில் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. பிரிட்டனில், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள் இருந்து, பூட்டில்லாமல் மடங்கும் கத்தியை மட்டுமே காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் அளவு எவ்வளவு சின்னதானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். கனடாவில், பட்டனாலோ கையை உதறினாலோ தானே திறந்துகொள்ளும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அச்சாணி தளர்ந்த சாதாரணக் கத்திகூட உதறலில் திறந்தால் சிக்கல்தான்.

நீளமும் எடையும்

அலகு 5.5 முதல் 7.5 செ.மீ. ஓர் ஆப்பிளை ஒரே இழுப்பில் இரண்டாக்க 7 செ.மீ. போதும். 8.5-ஐத் தாண்டினால் பை நிறைந்துவிடும், எடுக்கிற இடத்தில் நாலு பேர் பார்ப்பார்கள்.

எடையைப் பலர் கவனிப்பதே இல்லை. 25 கிராம் வரை சாவிக்கொத்துக்கு. 50 முதல் 80 கிராம் பேன்ட் பைக்கு. 100 கிராமைத் தாண்டினால் மெல்லிய பருத்திப் பேன்ட்டின் பை ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். சட்டைப்பை என்றால் 60 கிராமே அதிகம். குனியும்போது அது முதலில் விழுவது வாளிக்குள்தான். வேட்டி கட்டுபவர்களுக்குப் பை உள்ள அகல பெல்ட் இருக்கிறது, 91 மி.மீ. கத்தி அதில் கச்சிதமாக உட்காரும். லுங்கி மடிப்பில் செருகுவது வேண்டாம், மடிப்பு அவிழ்ந்தால் கத்தி நேரே பாதத்துக்குத்தான் வரும். பையில்லாத உடைகளே அதிகம் அணியும் பெண்களுக்குக் கைப்பையின் உள்ஜிப்போ சாவிக்கொத்தோதான் நடைமுறை. அதற்கு 58 மி.மீ. கத்தியைவிடப் பொருத்தமானது இல்லை.

பூட்டு வேண்டுமா

மடக்குக்கத்தியில் இரண்டு சாதி. ஒன்றில் முதுகு ஸ்பிரிங் மட்டும் அலகைத் திறந்த நிலையில் பிடித்திருக்கும், அழுத்தினால் மடங்கிவிடும். நாம் பேனாக்கத்தி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இன்னொன்றில் பூட்டு இருக்கும். அதை விடுவித்தால்தான் மடங்கும்.

பூட்டில்லாததில் விரல் போவது எப்படி என்று தெரிந்துகொண்டால் அதை எப்போதும் பயமில்லாமல் பயன்படுத்தலாம். இழுத்து வெட்டும்போது விசை அலகைத் திறக்கிற பக்கமே தள்ளும், ஆபத்தில்லை. முனையால் குத்தும்போதும், சிக்கிக்கொண்ட அலகைப் பின்னால் அசைத்து எடுக்கும்போதும் விசை எதிர்ப்பக்கம் திரும்பி, அலகு விரல்மேல் மடங்கும். பிளாஸ்டிக் கேனில் துளை போடுவது, தடித்த அட்டைக்குள் செருகி இழுப்பது இரண்டும்தான் வழக்கமான விபத்து. உங்கள் பட்டியலில் அவை இல்லையென்றால் பூட்டு தேவையே இல்லை. பூட்டில்லாத கத்தி மெல்லியது, எடை குறைவு, பார்வைக்கும் சாது.

பூட்டு வேண்டுமென்றால் வகைகள் பல. உள்தகடு வளைந்து அலகின் அடியைத் தாங்கும் லைனர் லாக் மலிவுக் கத்திகளில் அதிகம். மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருப்பது இதன் குறை. முதுகில் ஒரு பிறையை அழுத்தி விடுவிக்கும் பேக் லாக் பழையது, நம்பகமானது, ஆனால் ஒரு கையால் மடக்கச் சற்றுச் சிரமம். குறுக்குக் கம்பியைப் பின்னுக்கு இழுக்கும் கிராஸ்பார் பூட்டில் விரல்கள் பாதையில் வராது. இடதுகைக்காரருக்கும் ஒரே மாதிரி. பிரான்சின் ஒப்பினல் கத்தியில் கழுத்தில் ஒரு வளையத்தைத் திருகினால் பூட்டு. 1955-இல் வந்த ஏற்பாடு, கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை.

அலகு: வடிவத்தைவிடத் தடிமன்

வடிவத்தைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: முதுகு மெல்லச் சரிந்து முனையில் முடியும் டிராப் பாயின்ட் எல்லா வேலைக்கும் சரி. முதுகு வளைந்து, வாய் (வெட்டும் விளிம்பு) நேர்கோடாக இருக்கும் ஷீப்ஸ்ஃபுட் டேப்புக்கும் கயிறுக்கும் நல்லது, முனை குத்தாது என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் ஏற்றது. பழத்தில் குடைந்து எடுக்கிற வேலைக்கு ஆகாது. உளிமுனை போன்ற டான்டோவும் பாதி அலகில் ரம்பப்பல் வெட்டிய வகையும் வேண்டாம். ரம்பப்பல்லை வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது.

தடிமன் வேறு கதை. ஒரு கேரட்டை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். முதுகு 2 மி.மீ. உள்ள அலகு சத்தமில்லாமல் இறங்கும். 3.5 மி.மீ. அலகு பாதி தூரம் இறங்கியதும் 'டப்' என்று கேரட் பிளந்துகொள்ளும். அது வெட்டு இல்லை, ஆப்படித்த மாதிரி. அட்டைப்பெட்டியிலும் இதுவே நடக்கிறது, சத்தம் மட்டும் கேட்பதில்லை. உங்கள் மணிக்கட்டு வலிக்கும். கூர் எவ்வளவு இருந்தாலும் தடித்த அலகு தடித்த அலகுதான்.

ஆகவே முதுகில் 1.5 முதல் 2.5 மி.மீ. வரை பாருங்கள். அதைவிட முக்கியம், வாய்க்குச் சற்று மேலே, கூர் தொடங்கும் இடத்தின் தடிமன். அது அரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். விற்பனைப் பக்கத்தில் இதைப் போடமாட்டார்கள். கடையில் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: கூரான பட்டை வாயோரத்தில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தால் நல்லது, 1.5 மி.மீ. அகலப் பட்டையாகப் பளபளத்தால் அலகு அங்கே தடியாக இருக்கிறது.

எஃகு

'ஸ்டெயின்லெஸ்', 'ஜப்பான் எஃகு', 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். ரகப் பெயர் வேண்டும். அதோடு கடினத்தைச் சொல்லும் ராக்வெல் எண், அதாவது எச்.ஆர்.சி., இருந்தால் நல்லது. 55-56 என்றால் சீக்கிரம் மழுங்கும், ஆனால் இரண்டு நிமிடத்தில் திரும்பத் தீட்டிவிடலாம், விழுந்தால் வாய் உடையாது. 58-60 என்றால் கூர் நெடுநாள் நிற்கும். 61-க்கு மேல் போனால் சாதாரணக் கல்லுக்கு எளிதில் மசியாது, எலும்பிலோ ஸ்டேப்ளர் பின்னிலோ பட்டால் வாயில் பொடிப்பொடியாகச் சில்லு பெயரும்.

நம் ஊரின் பிரச்சினை கூர் அல்ல, துரு. கடற்கரைக் காற்றும் வியர்வை உப்பும் பேன்ட் பைக்குள் சேர்ந்தால் ஒரு ஜூன் மாதம் போதும். டி2 என்ற ரகம் மலிவுக் கத்திகளில் இப்போது நிறைய வருகிறது. கூர் நன்றாக நிற்கும். அதில் குரோமியம் 11 முதல் 13 சதவீதம் உண்டு என்பதால் துருப்பிடிக்காது என்று விற்கிறார்கள். ஆனால் கார்பன் 1.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பைடாகக் கட்டுண்டு போகிறது; துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ டி2 அலகில் செம்புள்ளி விழுவது சகஜம். கோவைக்காரர் சமாளித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதில் ஸ்வீடன் ரகங்களான 12சி27, 14சி28என் இரண்டையும் தேடுங்கள். இரண்டாவதில் நைட்ரஜன் கலந்திருக்கிறது. துருவுக்கு நன்றாகத் தாங்கும், தீட்டவும் எளிது. 8சிஆர்13 என்று தொடங்கும் சீன ரகம் மலிவில் பரவாயில்லை. விஜி-10 நல்லது, விலை கூடும். 3சிஆர்13, 420ஜே2 என்றிருந்தால் கடிதம் பிரிக்க மட்டும் ஆகும். முழுக் கார்பன் எஃகு அலகு தீட்டுவதற்கு இன்பம், ஆனால் மாங்காய், எலுமிச்சை, புளி பட்ட சில நிமிடத்திலேயே கறுக்கும். கறை பிடிக்கட்டும் என்று விடுகிற மனம் இருந்தால் வாங்குங்கள். அலகில் அலையலையாக 'டமாஸ்கஸ்' கோலம் போட்ட மலிவுக் கத்திகளில் அது பெரும்பாலும் மேலே அச்சடித்த படம். முதல் தீட்டலிலேயே ஓரம் அழியும்.

பிடியும் கிளிப்பும்

பிடி வழுக்காமல் இருக்க வேண்டும், வேறு எதுவும் இரண்டாம்பட்சம். எண்ணெய்க் கையால் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான எஃகுப் பிடி அதில் தோற்றுப்போகும். ஜி10 என்ற கண்ணாடியிழைத் தகடு, கோடு பொறித்த அலுமினியம், நைலான் எல்லாம் சரி. மரம் அழகு, ஆனால் மழைக்காலத்தில் ஊதும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கிளிப் உள்ள கத்தியைப் பேன்ட் பையின் ஓரத்தில் மாட்டினால் உள்ளே குறுக்கே கிடந்து தொடையில் குத்தாது. பைக் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதே கிளிப் டேங்க்கின் பெயின்ட்டையும், பஸ் இருக்கையையும், கார்க் கதவையும் கீறும். வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் தேவையில்லாத கவனமும் வரும். கிளிப் வேண்டாதவர்கள் பழைய கைக்குட்டையில் ஒரு சின்ன உறை தைத்துக்கொள்ளலாம். சில்லறையோடும் சாவியோடும் கத்தி உரசுவதும் நிற்கும்.

கடையில் கையில் எடுத்ததும்

இணையத்தில் வாங்கியதானாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

1. மடக்கிய நிலையில் மேலிருந்து பாருங்கள். அலகு இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அலகில் கோடு விழும்.

2. மடக்கியபடியே முனை இருக்கும் இடத்தில் ஒரு தையல் நூலைக் குறுக்கே இழுங்கள். நூல் சிக்கினால் முனை வெளியே நிற்கிறது என்று அர்த்தம். பைக்குள் கை விடும்போது நகக்கண்ணில் குத்துவது அதுதான். இதை மட்டும் ஒருபோதும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

3. மெதுவாகத் திறந்து, முதுகைப் பிடித்து இட வலமாக அசையுங்கள். அச்சாணியில் ஆட்டம் தெரியக் கூடாது. மேலும் கீழும் அசைத்தாலும் அப்படியே. திருகாணி உள்ள கத்தியில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் டி6 அல்லது டி8 டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனையால் கால் சுற்று முறுக்கிப் பாருங்கள். ரிவெட் அடித்த கத்தியில் ஆட்டம் இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

4. லைனர் லாக் என்றால் தகடு அலகின் அடிப்பாகத்தில் எவ்வளவு தூரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அடிப்பாகத்தின் அகலத்தில் கால்வாசி முதல் பாதிவரை இருந்தால் சரி. விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும். எதிர்ப்பக்கம் வரை போய்விட்டிருந்தால் புதிதிலேயே தேய்ந்த கத்தி. பிறகு, விரல்களைப் பாதையிலிருந்து விலக்கி, முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அடித்தால் நல்ல பூட்டும் கெட்டுப்போகும்.

5. பூட்டில்லாத கத்தியில் நகக்குழியில் நகம் வைத்துத் திறங்கள். நகம் மடங்குகிற அளவுக்கு ஸ்பிரிங் கடுமையாக இருக்கக் கூடாது, கவிழ்த்து உதறினால் திறக்கவும் கூடாது. மடங்கும்போது வாய் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் போய் இடித்தால், நடு அலகில் ஒரு மழுங்கல் புள்ளி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். மடக்கிய அலகை விரலால் அழுத்திப் பார்த்தால் உலோகம் தட்டுவது கேட்கும்.

6. வாயை விளக்குக்கு நேரே பிடித்து, அடியிலிருந்து முனைவரை பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. எங்கே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னுகிறதோ அங்கே மழுங்கியோ நசுங்கியோ இருக்கிறது.

சுவிஸ் கத்தி என்றால் போலி நிறைய உண்டு. விக்டோரினாக்ஸ் பெரிய அலகின் அடியில் நிறுவனப் பெயரைத் தெளிவாகப் பொறித்திருக்கும், எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருக்காது. எல்லாக் கருவியும் ஒரே அளவு விசையில் 'டக்' என்று உட்காரும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதிப் பொட்டலத்துக்கு இந்தியாவில் அது கட்டாயம். சீட்டு இல்லாமல் பாதி விலைக்குக் கிடைத்தால் பாதி விலை ஏன் என்று தெரிந்துவிட்டது.

எதை வாங்கலாம்

முதல் கத்தி என்றால் பெரும்பாலானவர்களுக்கு விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. வரிசைதான் பதில். 1897-இல் பதிவான அதிகாரிகள் கத்தியின் வழிவந்தது, இன்றும் அதே மெல்லிய அலகு. ஸ்பார்ட்டன் சுமார் 60 கிராம். கத்தரிக்கோல் வேண்டுமென்றால் கிளைம்பர், சுமார் 80 கிராம். கத்தரிக்கோலுக்காகக் கூடும் அந்த 20 கிராமைத் தாராளமாகச் சுமக்கலாம், மாத்திரை அட்டை முதல் பூக்கடை நார்வரை கத்தியைவிட அதுதான் வேலை செய்யும். ஒயின் திறக்காதவர்களுக்கு அதன் கார்க் திருகு எதற்கு என்று தோன்றும். இறுகிப்போன முடிச்சை அதன் முனையால் குத்தி நெம்பிப் பாருங்கள், பிறகு கேட்கமாட்டீர்கள். எஃகு மென்மை, எச்.ஆர்.சி. 56-க்குப் பக்கம். மாதம் ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கும்.

சாவிக்கொத்துக்கு அதே நிறுவனத்தின் கிளாசிக், 58 மி.மீ., சுமார் 21 கிராம். முரட்டுக் கை என்றால் அலுமினியப் பிடி போட்ட 93 மி.மீ. பயனியர்.

பழம், காய், சோற்றுக்கட்டு என்று உணவோடு சம்பந்தப்பட்டதே அதிகமென்றால் ஒப்பினல். 7-ஆம் எண்ணின் அலகு 8 செ.மீ., 8-ஆம் எண் 8.5 செ.மீ. சட்டைப்பைக்கு 6-ஆம் எண்ணே போதும், 7 செ.மீ. வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் அலகு என்று கேட்டு வாங்குங்கள். முதுகு 2 மி.மீ.க்கும் குறைவு. தக்காளியை இதைவிட நன்றாக அரியும் மடக்குக்கத்தி இந்த விலையில் கிடைக்காது. தடித்த டேப் சுற்றிய பெட்டிகளை நாள் முழுவதும் பிரிக்கிறவருக்கு இது சரிவராது.

கிடங்கு, கடை, தோட்டம் என்றால் 14சி28என் எஃகில், 7 முதல் 8 செ.மீ. அலகுள்ள, லைனர் அல்லது கிராஸ்பார் பூட்டுக் கத்தி. மல்டிடூல் தேவைப்படுபவர்கள் எடையைப் பார்த்து வாங்குங்கள்: லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம், ஸ்கெலிடூல் 142 கிராம். முதலாவது பெல்ட்டில் தொங்க வேண்டியது, பைக்கானது அல்ல.

முதல் கூர்

தெருவில் சாணை பிடிப்பவரிடம் அரிவாளைக் கொடுங்கள், மடக்குக்கத்தியைக் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் சுழலும் சக்கரத்தில் பட்ட நொடியில் சூடாகி, எஃகின் பதம் போய்விடும். வாயோரத்தில் வைக்கோல் நிறமோ நீலமோ தெரிந்தால் அந்த இடம் இனிக் கூர் நிற்காது. அந்த நிறம் போகுமளவுக்குத் தேய்த்து எடுத்தால்தான் மீளும்.

வீட்டிலேயே போதும். 1000 கிரிட் (மணியளவு) உள்ள, தண்ணீரில் நனைத்துத் தீட்டும் ஒரு கல், பழைய தோல் பெல்ட், ஒரு செய்தித்தாள். ஹார்டுவேர் கடையின் இருபக்கக் கார்போரண்டம் கல்லில் சொரசொரப்புப் பக்கம் இதற்கு முரடு. மென்பக்கத்தில் தீட்டி, மெருகேறாத பீங்கான் கோப்பையின் அடி வளையத்தில் முடித்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. கண்மதிப்பில் வராதவர்களுக்கு ஒரு கணக்கு: அலகின் அகலம் 15 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். பத்து ரூபாய் நாணயம் மூன்றை அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். அடுக்கைக் கல்மேல் வைத்து, முதுகை அதில் சாய்த்துக் கோணத்தைப் பார்த்துக்கொண்டு, நாணயத்தை எடுத்துவிட்டுத் தீட்டுங்கள்.

வாய் முன்னே போகும்படி, கல்லில் மெல்லிய தோல் சீவுவது போல, அடியிலிருந்து முனைவரை ஒரே ஓட்டமாக இழுங்கள். ஒரே பக்கம் பத்து முறை. பிறகு மறுபக்கத்தில், வாய்க்குக் குறுக்காக, முதுகிலிருந்து வெளியே கட்டைவிரலைத் தடவினால் ஒரு சன்னப் பிசிறு தட்டும். அடி முதல் முனைவரை எல்லா இடத்திலும் தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. தட்டாத இடத்தில் கல் இன்னும் வாயைத் தொடவில்லை. தீட்டியும் கூரேறவில்லை என்று கைவிடுபவர்கள் அநேகமாக எல்லாரும் பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றிவிட்டவர்கள். பிசிறு வந்தபின் மறுபக்கம் அதே போல. அடுத்து, பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று அழுத்தத்தையும் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் பெல்ட்டின் உட்புறத்தில், வாய் பின்னால் வரும்படி, பக்கத்துக்குப் பத்து முறை. செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டினால் கிழியாமல் இறங்க வேண்டும். விரலை வாயோட்டமாக ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

துருவும் பிசினும்

வாரம் ஒருமுறை திறந்து, அச்சாணியைச் சுற்றிச் சேர்ந்த நூலையும் தூசியையும் பல் குத்தும் குச்சியால் எடுங்கள். ஸ்பிரிங் இறுகிப்போனது என்று நினைப்பது பெரும்பாலும் இந்தத் தூசிதான். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ். துடைத்துக் காற்றாட நன்றாகக் காயவிட்டபின் அச்சாணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். உணவு வெட்டும் கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். மற்றதற்குத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாளடைவில் காறிப் பசையாகித் தூசியைக் கட்டிப்பிடிக்கும். ஆனால் பலாப்பழம் வெட்டிய அலகில் ஒட்டிய பாலை எடுக்க அதுதான் மருந்து. தடவி, துணியால் துடைத்து, சோப்பால் கழுவிவிடுங்கள்.

மரப்பிடி ஒப்பினல் ஐப்பசி மழையில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நகம் உடைய இழுக்காதீர்கள். வளையப் பூட்டு விடுபட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே வரும். அந்தக் கத்தி பிறந்த சவாய் மலைநாட்டிலேயே செய்கிற உத்தி இது. ஓயாமல் கவ்வினால் இரண்டு நாள் உலர்ந்த இடத்தில் வைத்து, அலகுக் குழியின் உட்சுவரை 240 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து விடுங்கள். தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது.

கத்தியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மடக்கி, மேசைமேல் வையுங்கள், அவரே எடுத்துக்கொள்ளட்டும். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டில் சொல்வது எதற்காகவோ, விரலுக்கு நல்லது.

பல வருடம் தீட்டியபின் அலகு ஒடுங்கி, மடக்கும்போது முனை பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கும். கடையில் செய்த நூல் சோதனையை வருடம் ஒருமுறை திரும்பச் செய்தால் அது தெரிந்துவிடும். அப்போது வாய்ப்பக்கம் தொடாமல், முனையின் முதுகுப்பக்கத்தைக் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். முனை கீழே இறங்கி, நூல் சிக்காமல் போனதும் நிறுத்திவிடுங்கள்.